அரசனோடு எல்லைச் சண்டை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் கொழும்புத்துறை பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்ணின் வாயிலிருந்து விழுந்தது. கையில் கத்தரிக்காய்ப் பையோடு, பக்கத்தில் நின்றவளிடம் அவள் சொன்னாள்: "அவைக்கென்ன, ராசாவோடையெல்லோ எல்லைச் சண்டை பிடிக்கினம்!" அதற்குள் பஸ் வந்துவிட்டது. இருவரும் ஏறிப் போய்விட்டார்கள். எந்த ராசா, எந்த எல்லை, யார் அந்த 'அவை' என்று ஒரு விளக்கமும் இல்லாமல் ஒற்றை வசனத்தை என் தலையில் இறக்கிவிட்டுப் போன அந்த அம்மாளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வேலிச் சண்டை எங்கள் குடாநாட்டில் புதினமா? அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை முறிவதும், செத்த வீட்டுக்குப் போகாமல் விடுவதும், கோடேறி வழக்காடிச் சொத்தழிவதும் எல்லாம் ஒரு முழ நிலத்துக்காகத்தான். ஆனால் எதிராளி செத்து முந்நூறு வருடத்துக்கு மேலாகிவிட்ட ஓர் அரசன் என்றால்? அவன் வழக்கு வைக்கமாட்டான், தூஷணம் கொட்டமாட்டான், கத்தியோடு வேலிக்கு வரமாட்டான். அப்படிப்பட்டவனோடு என்ன சண்டை வேண்டிக் கிடக்கிறது? இருப்புக் கொள்ளாமல் எழுந்து நடந்தேன், தேநீர் போட்டேன், ஆறவிட்டேன், திரும்ப வந்து உட்கார்ந்தேன். இப்போது நீங்களும் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'மாஞ்சோலைகள் சூழ்ந்த எழில்மிகு இராசதானியிலே, முன்னொரு காலத்திலே…'

வேண்டாம். பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி வாடை அடிக்கிறது. அடுத்தது:

'1972 மார்கழியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், பின்வளவுக்குப் போன பராசக்திக்கு நெஞ்சு திக்கென்று…'

இது அவசரம். நெஞ்சு ஏன் திக்கென்றது என்று உடனே கேட்பீர்கள். அதைச் சொல்ல ஊரைச் சொல்ல வேண்டும்.

ஊரின் பெயர் அரசன்தோப்பு. (அடிக்குறிப்பு: பெயர் நான் வைத்தது. வேறோர் ஊரை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் வாசித்தால் அது உங்கள் பாடு.) யாழ்ப்பாண நகரத்திலிருந்து சைக்கிளில் புறப்பட்டால் வேர்க்கும் முன் போய்விடலாம். ஒரு காலத்தில் இராசதானி. பிறகு வெங்காயமும் மரவள்ளியும் விளைந்த கிராமம். ஐம்பத்தாறு, ஐம்பத்தேழுக்குப் பிறகு நகரம் மெல்ல ஊர்ந்து வந்து அதை விழுங்கியது. லைற் கம்பம் வந்தது, தார் றோட்டு வந்தது, பின்னாலேயே நகரசபையின் சோலைவரியும் வந்தது. மரவள்ளி நின்ற இடத்தில் கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்கள் வீடு கட்டினார்கள். கிராமம் போய்விட்டது. அரசன் மட்டும் போகவில்லை. நடுவில் அவனுடைய அரண்மனையின் வாசல் வளைவு செங்கல் தெரிய நிற்கிறது. பின்னால் படி உடைந்த குளம். அதைச் சுற்றி நாயுருவியும் எருக்கலையும் கிழட்டு மாமரங்களுமாகக் கிடக்கும் வெளிதான் அரசனின் நந்தவனமாம்.

நந்தவனத்தைச் சுற்றி வீட்டு வளவுகள். வளவுக்கு வளவு வேலி. வருடா வருடம் பங்குனி வெயிலில் பழைய ஓலையைக் கழற்றிப் புது ஓலை வைத்துக் கட்டுவார்களே, அந்த வேலியடைப்புக் காலத்தில் ஒவ்வொரு வேலியும் அரசன் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. எல்லாருமே நகர்த்தியவர்கள்.

3

பராசக்தியைத் திருடி என்று எழுதலாமா? ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அவளைச் சரியாகப் பார்த்த பிறகு கிழித்தேன்.

அவளுடைய புருசன் கதிரவேலு பதுளையில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளை. வருடப் பிறப்புக்கும் திருவிழாவுக்கும் வருவார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். வீடு, வளவு, மகள் எல்லாம் அவள் தலையில். வளவுக் கிணறோ உவர். பருப்பு அவியாது, தேத்தண்ணியைக் குடித்தால் வாய் கோணும். வேலிக்கு அந்தப்புறம், நந்தவனத்துக்குள், தூர்ந்துபோன ஒரு பழங்கிணறு கிடந்தது. ஐம்பத்தொன்பதில் அவள் தன் காப்பை விற்று, ஆள் பிடித்து, அந்தக் கிணற்றைத் தூர்வாரினாள். பாம்பும் பானை ஓடுகளும் சேறும் வந்தன. கடைசியில் தண்ணீர் வந்தது. இளநீர்தான்.

அடுத்த பங்குனியில் வேலி கிணற்றுக்கு அந்தப்புறம் போய் நின்றது.

"எப்பவடி இந்தக் கிணறு உள்ளுக்கு வந்தது?" என்று கதிரவேலு அடுத்த முறை வந்தபோது கேட்டார்.

"நீங்கள் வீட்டிலை நிண்டால்தானே தெரியும், எது வந்தது எது போனதெண்டு."

"ராசாவின்ரை காணியெல்லோ."

"முந்நூறு வருசமாய் ஒரு சனமும் குடியாத தண்ணி. சேறு அள்ளினது நான். ராசா வந்து கேட்டால் ஒரு செம்பு குடுக்கிறன், போங்கோ."

அவர் விடுமுறை முடிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அறுபத்திநாலில் பதுளையிலேயே காலமானார்.

அவள் செய்த வேலையில் ஒரு பிழை இருந்தது. எங்கள் வேலிகளில் ஓலையைத் தாங்கி நிற்பவை கதியால்கள். கிளுவைத் தடியை வெட்டி ஊன்றினால் வேர்விட்டு உயிரோடு நிற்கும். பழைய எல்லையின் கிளுவைகளை அவள் நிலமட்டத்துக்கு வெட்டினாளே தவிர வேரோடு கிளப்பவில்லை. கிளுவை இலேசில் சாகாது, மழை கண்டால் துளிர் வெடிக்கும். அதற்கு அவள் கண்ட மருந்து ஆடு. அந்த வரிசையில் முளை அடித்து ஆட்டைக் கட்டினாள். துளிரைத் துளிர்க்க முன் ஆடு தின்றது. அது போக அதன் குட்டி, அதுவும் போக இன்னொன்று. இப்படிப் பதின்மூன்று வருடமாகப் பழைய எல்லை ஆட்டு வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

இனிப் பத்மாசினி. பராசக்தியின் ஒரே மகள், இருபத்தொன்பது வயது. இரண்டு சம்பந்தம் வந்து கலைந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான் சீதனம். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பான். மூன்றாவதாக வந்த சம்பந்தத்துக்குத் தரகர் சொன்ன முதல் வசனமே "நல்ல தண்ணிக் கிணத்தோடை வளவு" என்பதுதான். அந்தக் கிணறு போனால் கலியாணமும் போகும். பராசக்திக்கு அது தெரியும். உங்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது.

4

மாப்பிள்ளையின் தகப்பன் முத்துக்குமாரு மாஸ்ரரை எப்படி எழுதுவது என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அரசன்தோப்பு நந்தவன மீட்புக் குழுவின் செயலாளர். அரசனுடைய ஒரு சாண் நிலத்தையும் விடமாட்டேன் என்று வளவு வளவாக ஏறி இறங்குகிறவர். எனக்கு வாய்த்த கோமாளி என்று குதூகலித்து முதல் வரைவில் அவருக்கு ஒரு கிழிந்த குடை, மூக்குப்பொடி, "வரலாறு எங்களை மன்னிக்காது" என்ற வசனம் எல்லாம் கொடுத்து வைத்திருந்தேன். பிறகு ஒரு காட்சி வந்தது: கல் ஏற்றி வந்த லொறியொன்று பின்னுக்கு எடுக்கையில் வாசல் வளைவின் ஓரத்தை உடைத்துவிடுகிறது. மாஸ்ரர் உடைந்த செங்கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சால்வையில் கட்டுகிறார். யாரும் பார்க்கிறார்களா என்று கூடப் பார்க்காமல் அழுகிறார். குடையையும் மூக்குப்பொடியையும் பறித்துவிட்டேன். இந்த மனுசன் உண்மையாகவே நேசிக்கிறார். அதனால்தான் கதை எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

பராசக்தியின் பக்கத்து வளவு ஸ்ரெல்லாவுடையது. அவளுடைய வேலி அரசன் பக்கம் ஐந்தடி உள்ளே போயிருந்தது. மாஸ்ரர் போய் நின்று, மன்றாடி, கடைசியில் சத்தம் போட்டு, அதைப் பின்னுக்கு இழுப்பித்தார். கோழிக்கூட்டையும் பிடுங்கி வைக்க வேண்டி வந்தது.

"ராசா கோழி வளக்கப் போறாரோ மாஸ்ரர்?" என்று அவள் கேட்டாள். கேட்டுவிட்டு இழுத்தாள்.

பராசக்தியின் வேலியை ஏன் விட்டார் என்கிறீர்களா? அங்கே பழைய எல்லை எது என்று காட்ட ஒன்றும் இருக்கவில்லை. கிணறு வேலிக்குள் இருந்தது. வேலி பழையதுபோல் இருந்தது. ஆடு நின்றது.

(மாப்பிள்ளைப் பையனைச் சொல்ல மறந்துவிட்டேன். சிவசுப்பிரமணியம், வவுனியாவில் உத்தியோகம். ஒருநாள் குழுவோடு பற்றை வெட்ட வந்தவன் வேலிப் பொட்டின் இடைவெளிக்குள்ளால் தண்ணீர் கேட்டான். பத்மாசினி செம்பை நீட்டினாள். குடித்துவிட்டு "இன்னொருக்கால் தாங்கோ" என்றான். மூன்றாம் முறையும் கேட்டான். அன்று வெயிலே இல்லை, வானம் மூடம் போட்டிருந்தது. அவளுக்கும் விளங்கிவிட்டது. அன்றிலிருந்து அவள் அந்தச் செம்பை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. இதைக் காதல் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான்.)

5

மாப்பிள்ளை வீட்டார் பொம்பிளை பார்க்க வருகிற நாள் குறித்தாகிவிட்டது. பராசக்திக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தாள், முற்றத்தைச் செப்பனிட்டாள். ஆட்டுப் புழுக்கை மணக்கிற வளவுக்கா மாஸ்ரர் வருவது என்று ஆட்டை விற்றாள். அவள் வாழ்க்கையில் செய்த ஒரே முட்டாள்வேலை அதுதான்.

பிறகு மழை. ஒரு கிழமை விடாத மார்கழி மழை. எல்லாரும் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் யாரும் போகவில்லை. வருகிற நாள் காலையில் மழை விட்டது. பராசக்தி பின்வளவுக்குப் போனாள்.

(இங்கேதான் அந்த 'நெஞ்சு திக்' வருகிறது. இப்போது சரியாகப் பொருந்துகிறது.)

சமையற் குசினி மூலையிலிருந்து ஸ்ரெல்லாவின் வேலிவரைக்கும் வளவை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, சாண் உயரத்தில், இளம்பச்சையாய் ஒரே வரிசை. அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேர்கோடு. கிணறு கோட்டுக்கு அந்தப்புறம். பிடுங்கினாள், வரவில்லை. கத்தி எடுத்து வரத் திரும்பினாள், வாசலில் கார் நின்றது.

முத்துக்குமாரு மாஸ்ரர் செருப்பைக் கழற்றியதும் கால் கழுவக் கிணற்றடியைத்தான் கேட்டார். அவள் குறுக்கே ஓடினாள்.

"முன்னாலை வாளியிலை தண்ணி கிடக்கு, மாஸ்ரர்!"

"பரவாயில்லைத் தங்கச்சி. தரகர் உங்கடை கிணத்தைப் பற்றி ஒரே புகழ்ச்சி. ஒருக்கால் பாப்பம்."

வந்தார். நின்றார். கோட்டைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், வேலிக்கு மேலால் தெரிந்த வாசல் வளைவைப் பார்த்தார். இரண்டு வருடமாக நந்தவனத்தை நடந்து நடந்து எல்லை தேடிய மனுசனுக்கு அதற்கு மேல் யார் என்ன சொல்ல வேண்டும்? துலாவை இழுத்துத் தண்ணீர் அள்ளினார். ஒரு காலைக் கழுவினார், மற்றக் காலைக் கழுவினார். ஒரு கை அள்ளிக் குடித்தார்.

"நல்ல தண்ணி."

"ஓம், மாஸ்ரர்."

"இதிலை ஆடு ஏதும் கட்டி நிண்டதோ?"

"நிண்டது. போன மாசம் வித்துப்போட்டன். நீங்கள் எல்லாரும் வாறியள், வளவு துப்புரவாய் இருக்கட்டுமெண்டு…"

"விசர் வேலை பாத்திருக்கிறியள்." சால்வையால் வாயைத் துடைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "தைப்பொங்கல் முடிய உங்கடை பக்கம் அளக்க வருவம். அதுக்கு முன்னம் இன்னொண்டு வாங்கிக் கட்டுங்கோ."

பராசக்திக்கு அந்தக் காலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது. குசினிக்குள் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்த பத்மாசினி எல்லாவற்றையும் கேட்டாள்.

6

இந்த இடத்தில் நான் பேனையை வைத்துவிட்டு இரண்டு கிழமை ஒன்றும் எழுதவில்லை. கதை முடிந்துவிட்டது, மாஸ்ரர் இளகிவிட்டார், கெட்டிமேளம் என்று போயிருக்கலாம். பத்மாசினி விடவில்லை. எழுத்தில் இதுவரை அவளுக்கு நான் வாய் கொடுக்கவில்லை, செம்புதான் கொடுத்திருந்தேன். அவர்கள் சம்மதம் சொல்லிவிட்டுப் போனதும் அவள் தாயிடம் வந்தாள்.

"ஆடு வாங்கப் போறியளோ?"

"வேறை என்னடி செய்ய?"

"அவர் கிழமைக்குக் கிழமை வருவார், அம்மா. மகன் இருக்கிற வீடு, வராமல் விடுவாரோ. வந்து கிணத்தடியிலை கால் கழுவுவார். கழுவேக்கை உங்களைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பையும் எனக்குச் சீதனமாய் எழுதப் போறியளோ?"

"அவர் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை."

"அப்ப அதைவிட மோசம். சிரிக்காமல் நிலத்தைப் பாத்துக்கொண்டு கழுவுவார். எங்களாலை அந்த மனிசன் தோப்புப் பக்கம் தலைநிமிந்து போகமாட்டார்."

"உனக்கு இந்தக் கலியாணம் வேண்டாமோ?" பராசக்தி கத்தியேவிட்டாள். "சொல்லு! வேண்டாமெண்டு சொல்லு!"

"வேணும்," என்றாள் பத்மாசினி. சொல்லும்போதே அழுதாள். "எனக்கு வேணும் அம்மா. அதுதானே எனக்கு விசர் பிடிக்குது."

இதற்குப் பிறகு எந்த முடிவை வைப்பது? முயன்று பார்த்தவற்றை மறைக்காமல் தருகிறேன்.

முதல் முடிவில் ஆடு வருகிறது. துளிரைத் தின்கிறது. மேளம், தவில், கூறைச்சேலை. தாலி ஏறுகிறவரை எழுதினேன். மணவறையில் பத்மாசினி தலை நிமிரவில்லை. வெட்கத்தில் குனிந்திருக்கிறாள் என்று எழுதி உங்களை ஏமாற்றியிருக்கலாம். மனம் வராமல் வெட்டிவிட்டேன்.

இரண்டாம் முடிவில் பராசக்தி ஊர் முன்னால் நின்று "நான் களவெடுத்தனான்" என்று சொல்ல வேண்டும். வசனத்தை எழுதி அவள் கையில் கொடுத்தேன். என் முகத்துக்கு நேரே திருப்பித் தந்தாள். "ஆரிட்டைக் களவெடுத்தனான்? சேறு அள்ளேக்கை நீர் எங்கை நிண்டனீர்?" அவள் கேட்டது நியாயம்.

மூன்றாம் முடிவில் சிவசுப்பிரமணியம் வவுனியாவிலிருந்து வந்து பத்மாசினியிடம் "கிணறு வேண்டாம், நீர் ஒருத்தி போதும்" என்று… சீ. இதை எழுதிய பேனையைக் கழுவ வேண்டும். அவனுக்கு இந்த விசயமே தெரியாது. யாரும் அவனிடம் சொல்லவில்லை.

7

ஆடு வாங்கவில்லை. வாங்கப் போன பராசக்தி பாதி வழியில் திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று என்னிடம் சொல்லவில்லை.

தை பிறந்தது. அளக்கிற நாள்.

மாஸ்ரரின் குழு வைத்திருந்த முறை இது: நீளமான தும்புக் கயிறு, நீளம் காணாவிட்டால் இன்னொரு துண்டை முடிவார்கள். ஒரு முனை வாசல் வளைவின் அடியில் கட்டியிருக்கும். மறு முனையை ஒருவர் பிடித்துக்கொண்டு வளவை நோக்கி நடப்பார். வளவுக்காரர் தன் எல்லையில் நின்று "இதுதான் என்ரை எல்லை" என்று வாயால் சொல்ல வேண்டும். பக்கத்து வளவுக்காரர் "ஓம்" என்க வேண்டும். கயிறு அந்த இடத்தில் நிற்கும், கல் நடப்படும். மாஸ்ரரே ஏற்படுத்திய முறை.

காலையில் பராசக்தி எழுந்து வந்தபோது பத்மாசினி வேலியில் நின்றாள். கட்டுகளை அறுத்து ஓலைகளைக் கழற்றி, ஓர் ஆள் நிமிர்ந்து வரத் தக்க வாய் ஒன்று திறந்து வைத்திருந்தாள்.

"என்னடி செய்யிறாய்?"

"வாறவை சுத்தி வராமல் நேரை வரட்டும். நீங்கள் இதிலை நிண்டு சொன்னாலும் சரி, அங்கை கிளுவையிலை நிண்டு சொன்னாலும் சரி. நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டன், அம்மா. நீங்கள் அள்ளின சேறு, நீங்கள்தான் சொல்ல வேணும்."

குழு வந்துவிட்டது. தன் வளவிலிருந்து ஸ்ரெல்லா எட்டிப் பார்க்கிறாள். ஐந்தடியும் கோழிக்கூடும் இழந்தவள். "அக்கா என்ன சொல்லுறாவோ அதுக்கு நான் ஓமெண்டுவன்," என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். நல்ல மனதோடு சொன்னாளா, கணக்குத் தீர்க்கவா என்று எனக்குத் தெரியவில்லை. முத்துக்குமாரு மாஸ்ரர் வேலிக்கு அந்தப்புறம் நிற்கிறார். வேலியின் திறந்த வாய்க்குள்ளால் கிளுவைகள் இப்போது இடுப்பளவு தெரிகின்றன. அவர் அவற்றைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு படுகிறார்.

"தங்கச்சி… உங்கடை எல்லை எது?"

வழமையாகக் கயிறு பிடிக்கிறவருக்கு இன்று காய்ச்சல். முனை நிலத்தில் கிடக்கிறது. என்னைப் பார்க்காதீர்கள். நான் பிடிக்கமாட்டேன். எனக்கு இவர்கள் எல்லாரையும் தெரியும். அந்தச் செம்பையும் தெரியும், சால்வையில் கட்டிய செங்கல்லையும் தெரியும். என் கை எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒருவருக்குத் துரோகம். நீங்கள் இந்த ஊருக்குப் புதிது, சொந்தமில்லை, பந்தமில்லை. நீங்கள்தான் பிடிக்க வேண்டும். குனிந்து எடுங்கள். தும்பு கொஞ்சம் உறுத்தும். நடந்து வாருங்கள். வேலிவரைக்கும் வந்துவிட்டீர்கள். இங்கேயே நிற்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனியில் கலியாணம். அல்லது அந்த வாய்க்குள்ளால் உள்ளே வரலாம்.

பராசக்தி கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மாஸ்ரரை அவள் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் உங்கள் கையில் இருக்கிற கயிற்றில். பிடியை விடுகிறாள். கிளுவைப் பக்கம் ஓர் அடி வைக்கிறாள், நிற்கிறாள். இன்னும் ஓர் அடி வைப்பாளா என்று எல்லாரும் பார்த்திருக்க, அவள் வாயைத் திறந்து உங்களிடம்தான் கேட்கிறாள்:

"பிள்ளை, உள்ளுக்கு வரக் கயிறு காணுமோ?"